டீச்சருக்கே மனசு சரியில்லன்னா பசங்களுக்கு உணர்வு நுண்ணறிவு எப்படி சொல்லித்தர்றது?

ஜூன் 18 – கேள்வி

எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு பீரியட் "உணர்வு நுண்ணறிவு"ன்னு டைம்டேபிள்ல போட்டுட்டாங்க. ஒம்பதாவது, பத்தாவதுக்கு நான்தான் எடுக்கணும். சர்வீஸ் எனக்கு ரொம்ப கம்மி. கடைசி பீரியட் முடியும்போது எனக்கே அழுகை முட்டிக்கிட்டு வருது, நான் போய் "உணர்வுகளைக் கையாள்வது எப்படி"ன்னு பாடம் எடுக்கறதா? ஈக்யூ, அதான் இந்த உணர்வு நுண்ணறிவு, அதிகமா இருக்கற டீச்சர்கிட்ட படிக்கற பசங்க நல்லா இருப்பாங்கன்னு ட்ரெய்னிங்ல வேற சொல்லி அனுப்பினாங்க. அப்ப என்கிட்ட அது இல்லன்னு அர்த்தமா?

ஜூன் 18, ராத்திரி – இன்னொரு டீச்சரோட பதில்

கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். அழுகை வர்றதுக்கும் ஈக்யூ இல்லாததுக்கும் சம்பந்தமே இல்ல. பீட்டர் சலோவே, ஜான் மேயர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990ல இதப் பத்தி எழுதினப்போ சொன்னது இவ்வளவுதான்: தன் மனசுல என்ன ஓடுது, எதிர்ல இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு கவனிக்கறது, ஒண்ண இன்னொண்ணுல இருந்து பிரிச்சுப் பாக்கறது, அந்தத் தகவல வச்சு யோசிக்கறது, நடந்துக்கறது. 1995ல டேனியல் கோல்மேன்ங்கற எழுத்தாளர் இதே தலைப்புல எழுதின புத்தகம் வந்தப்புறம்தான் இது ஆபீஸ், ஸ்கூல்னு எல்லா இடத்துக்கும் பரவி, எப்பவும் சிரிச்ச முகமா இருக்கறவங்களுக்கு ஈக்யூ ஜாஸ்திங்கற மாதிரி ஒரு எண்ணம் வந்துடுச்சு. அழக்கூடாதுன்னு அந்த முதல் விளக்கத்துல எங்கயும் இல்ல. உங்களுக்கு அழுகை வருதுன்னு தெரியுது, எந்த நேரத்துல வருதுன்னும் தெரியுது. கவனிக்கற வேலைய நீங்க ஏற்கனவே செஞ்சுக்கிட்டுதான் இருக்கீங்க.

ஏன் கடைசி பீரியட்லன்னு நாளைக்கு எழுதறேன். பேப்பர் கட்டு ஒண்ணு பாக்கி இருக்கு.

ஜூன் 19

ஆர்லி ஹாக்ஷீல்ட்னு ஒரு சமூகவியல் அறிஞர். 1983ல விமானப் பணிப்பெண்கள் வேலைய வச்சு ஒரு விஷயம் எழுதினாங்க, மனசுல இருக்கறது ஒண்ணு, முகத்துல காட்ட வேண்டியது ஒண்ணுன்னு இருந்தா அந்த இடைவெளிய நிரப்பறதே ஒரு உழைப்பு, சம்பளத்துக்காக செய்யற உழைப்புன்னு. அதுல ரெண்டு விதம். உள்ள எரிச்சல வச்சுக்கிட்டு முகத்த மட்டும் மாத்திக்கறது ஒண்ணு. எதிர்ல இருக்கறவங்க நிலமைய யோசிச்சு, அந்த உணர்வையே கொஞ்சம் உள்ள வரவழைச்சுக்கறது இன்னொண்ணு. பின்னாடி வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொல்றது, முகத்த மட்டும் மாத்தறதுதான் ஆள உறிஞ்சுதுன்னு.

இப்ப நம்ம நாள யோசிச்சுப் பாருங்க. காலைல அட்டெண்டன்ஸ்லேருந்து முகம் மாத்த ஆரம்பிக்கறோம். ஒரு கிளாஸ்ல கோவம் வந்து, பெல் அடிச்சதும் அந்தக் கோவத்த வராண்டாலயே விட்டுட்டு அடுத்த கிளாஸ்ல புதுசா நுழையணும், அங்க இருக்கறவங்களுக்கு முன்னாடி நடந்தது தெரியாது, தெரியவும் கூடாது. நடுவுல ஃப்ரீ பீரியட் இருந்தா, லீவு போட்டவங்க கிளாஸுக்குப் போங்கன்னு சப்ஸ்டிட்யூஷன் ஸ்லிப் வந்துடும். கடைசி பீரியட்ல அழுகை வர்றது உங்க பலவீனம் கிடையாது, காலைலேருந்து செஞ்ச உழைப்பு அது. யாரும் அத உழைப்புன்னு கணக்குல எடுக்கறதில்ல, அவ்வளவுதான்.

என் அனுபவம் ஒண்ணு. அப்பா ஆஸ்பத்திரில இருந்த சமயம். லீவு போடற நிலமை இல்ல, கிளாஸ்ல எப்பவும் போல இருக்கணும்னு பல்ல கடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டு இருந்தேன். பசங்க கம்முனு இருந்தாங்க, அது நல்ல அமைதி இல்ல, எதோ பயந்த அமைதி. பெல் அடிச்சதும் ஒரு பொண்ணு பின்னாடியே வந்து "டீச்சர், நாங்க எதாவது பண்ணிட்டோமா?"ன்னு கேட்டா. அப்பதான் தெரிஞ்சது, சிரிப்பு அவங்ககிட்ட போய் சேரவே இல்ல, அதுக்குப் பின்னாடி இருந்ததுதான் போய் சேர்ந்திருக்கு, அதுவும் "எங்க மேல கோவம்"னு தப்பா போய் சேர்ந்திருக்கு. மறுநாள் கிளாஸ் ஆரம்பிக்கும்போதே சொல்லிட்டேன்: "வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, என் மனசு பாதி அங்க இருக்கு. உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. இன்னிக்கு குரல் கொஞ்சம் மந்தமா இருந்தா அதுதான் காரணம்." அவ்வளவே. அன்னிக்கு அந்த கிளாஸ் எனக்கு ஒத்துழைச்ச மாதிரி எந்த நல்ல நாள்லயும் ஒத்துழைச்சதில்ல. பின் பெஞ்சுல எப்பவும் சளசளன்னு இருக்கறவன்தான் மத்தவங்கள "ஷ்"ன்னு அடக்கினான்.

ஜூன் 19, சாயங்காலம்

மேல சொன்னத "மனசுல இருக்கறத எல்லாம் பசங்ககிட்ட கொட்டலாம்"னு எடுத்துக்காதீங்க. மூணு வரி, அதோட நிறுத்தணும். என்ன நடக்குது, அது அவங்களால இல்ல, அவங்க எத எதிர்பாக்கலாம். அதுக்கு மேல போனா பதினஞ்சு வயசுக்காரங்க தலைல நம்ம பாரத்த ஏத்தி வைக்கறோம், வீட்ல ஏற்கனவே பெரியவங்க பாரத்த சுமக்கற பசங்க கிளாஸ்ல ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க, அவங்கதான் உடனே "டீச்சர் நான் இருக்கேன்"னு வந்து நிப்பாங்க. அவங்கள அப்படி நிக்க வைக்கக் கூடாது.

ஜூன் 23

"டீச்சர் மனசு பசங்களப் பாதிக்குதுன்னு சும்மா சொல்றீங்களா, அளந்து பாத்திருக்காங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அளந்திருக்காங்க. கனடாவுல இவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல்னு ரெண்டு பேர் 2016ல வெளியிட்ட ஆய்வு. நாலாவதுலேருந்து ஏழாவது வரைக்கும் படிக்கற பசங்களோட எச்சில் எடுத்து கார்ட்டிசால் பாத்தாங்க, மன அழுத்தத்தோட சேர்ந்து ஏறி இறங்கற ஹார்மோன் அது. டீச்சர் வேலைல எந்த அளவுக்கு சோர்ந்து போயிருக்கார்ங்கறதையும் தனியா கேட்டாங்க. அதிகமா சோர்ந்து போன டீச்சரோட கிளாஸ்ல பசங்களுக்கு காலை நேர கார்ட்டிசால் கூடுதலா இருந்துச்சு.

சந்தோஷமும் இப்படி நகருது. ஜெர்மனில அன்னா ஃப்ரென்சல் குழு 2009ல கணக்கு வகுப்புகள வச்சு பாத்தப்போ, டீச்சர் ரசிச்சு எடுத்தா பசங்களுக்கும் அந்தப் பாடம் பிடிக்குது, அது போய் சேர்ற வழி டீச்சரோட உற்சாகமான நடைமுறைதான்னு வந்துச்சு. டீச்சர் உள்ளுக்குள்ள ரசிச்சா போதாது, பசங்க கண்ணுக்கு அது தெரியணும்.

ஜூன் 24

நேத்து எழுதினத ராத்திரி திரும்பப் படிச்சப்போ ஒரு பயம் வந்துச்சு. இந்த கார்ட்டிசால் ஆய்வ யாராவது எடுத்துக்கிட்டு "பாத்தீங்களா, டீச்சர்தான் பசங்கள கெடுக்கறாங்க"ன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல பேசிட்டா? அதுக்கு இடம் தரக் கூடாது. டீச்சர் சோர்வும் பசங்க கார்ட்டிசாலும் சேர்ந்து இருக்குன்னுதான் அந்த ஆய்வு காட்டுது. எது முதல்ல வந்ததுன்னு அத வச்சு சொல்ல முடியாது. கஷ்டத்துல இருக்கற பசங்க நிறைய பேர் ஒரே கிளாஸ்ல இருந்து, அதுல டீச்சர் தேஞ்சு போயிருக்கலாம், அதுவும் நடக்கறதுதான்.

இன்னொண்ணு. இந்த சோர்வு, பர்ன்அவுட்னு சொல்றது, அத அளக்க 1981லயே கிறிஸ்டினா மாஸ்லாக் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினாங்க. மனசு வத்திப் போறது, எதிர்ல இருக்கற மனுஷங்கள மரக்கட்டை மாதிரி பாக்க ஆரம்பிக்கறது, "நான் எதையும் சாதிக்கல"ன்னு தோணறதுன்னு மூணு முகம் அதுக்கு. நடுவுல சொன்னதுதான் நம்ம தொழில்ல ரொம்ப ஆபத்து. "இவன் ஒரு கேஸு, விடு"ன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் சொல்றாங்கன்னா நான் முதல்ல அவங்க டைம்டேபிளத்தான் பாப்பேன். 2019ல உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுல பர்ன்அவுட்ட நோய்னு போடாம, வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் போட்டாங்க, சரியா கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால வர்றதுன்னு. வேலைல வர்றதுக்கு வேலைலயும் மருந்து வேணும். ஃப்ரீ பீரியட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு சனிக்கிழமை வாங்கன்னு கூப்பிடறது எனக்கு ஒத்துக்கவே முடியல.

ஜூன் 30

பசங்க பக்கம் வருவோம்.

லியா சோமர்வில்ங்கற உளவியல் ஆய்வாளர் 2013ல வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மறக்கவே மாட்டேங்குது. எட்டு வயசுலேருந்து இருபத்திமூணு வயசு வரைக்கும் ஆளுங்கள ஸ்கேன் மிஷின்ல படுக்க வச்சு, "இந்த கேமரா வழியா உன் வயசுக்காரங்க ஒருத்தங்க இப்ப உன்னப் பாக்கறாங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் செய்யல, யாரும் திட்டல, கேள்வி கேக்கல. சும்மா பாக்கறாங்கங்கற நினைப்புலயே கூச்சம் விடலைப் பருவத்துல உச்சத்துக்குப் போச்சு.

இத மனசுல வச்சுக்கிட்டு நம்ம கிளாஸ நினைச்சுப் பாருங்க. "எழுந்து நில்லு, எல்லாரும் இவனப் பாருங்க"ன்னு சொல்றோம். ஆறு வயசுக் குழந்தைக்கும் அது வலிக்கும், சாயங்காலம் மறந்துடும். பதினாலு வயசுல அது வேற வலி. அவன் அப்புறம் எதிர்த்துப் பேசறான்னா, சிரிச்சுக்கிட்டே நிக்கறான்னா, தனக்கு வலிச்சது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு படற பாடு அது. நாம அத திமிருன்னு படிக்கறோம். திட்ட வேண்டியது இருந்தா திட்டுங்க, நானும் திட்டறவதான், ஆனா தனியா கூப்பிட்டு, நாலு பேர் கண்ணு படாத இடத்துல.

தூக்கமும் இருக்கு. முதல் பீரியட்ல டெஸ்க்ல தலை வச்சுப் படுக்கறவன் ஒருத்தன் எல்லா கிளாஸ்லயும் இருப்பான். பருவம் வரும்போது உடம்போட கடிகாரமே பின்னாடி தள்ளிப் போயிடுது, ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலைல சீக்கிரம் முழிப்பு வராது. இதனாலதான் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல, இந்த வயசுப் பசங்களுக்கு ஸ்கூல் காலை எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்க வேண்டாம்னு பரிந்துரைச்சாங்க. ஃபோனும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா ஃபோன மட்டும் பிடுங்கிட்டா சரியாயிடும்னு நினைச்சா ஏமாந்துடுவோம். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு கோவத்த அடக்கற பாடம் எடுத்து என்ன பிரயோஜனம், அடக்கறதுக்கு வேண்டிய மூளைப் பகுதி இருபது வயசு தாண்டியும் வளந்துக்கிட்டே இருக்கு, அதுல தூக்கமும் இல்லன்னா?

ஜூலை 5

"சரி, அந்தப் பீரியட்ல என்னதான் பண்ணட்டும்"னு கேட்டிருக்கீங்க. நான் பண்றதச் சொல்றேன்.

ஒரு சின்ன துண்டு பேப்பர். இப்ப உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணு ரெண்டு வார்த்தைல எழுதணும். "நல்லா இருக்கேன்", "போர்" ரெண்டும் கூடாது, அது மட்டும்தான் விதி. பேர் எழுத விருப்பம் இருந்தா எழுதலாம். ஆரம்பத்துல எல்லாம் "கடுப்பு"தான். கட்டு கட்டா கடுப்பு. கொஞ்ச நாள் போனதும் அந்தக் கடுப்பு பிரிய ஆரம்பிக்கும்: "பயம்", "ஏமாத்தம்", "என்ன விட்டுட்டு போயிட்டாங்க", "தங்கச்சிக்கு மட்டும் வாங்கிக் குடுத்தாங்க", "யார்கிட்டயும் பேச வேணாம்". அப்படிப் பேர் வைக்கறதே கொஞ்சம் தணிக்குது. மாத்யூ லீபர்மேன் குழு 2007ல காட்டினது அதுதான், கோவமான, பயந்த முகங்களப் பாக்கும்போது அந்த உணர்வுக்கு வார்த்தை குடுத்தவங்களுக்கு மூளைல பயம் மாதிரி உணர்வுகளுக்கு எச்சரிக்கை மணி அடிக்கற அமிக்டலாங்கற பகுதியோட செயல்பாடு குறைஞ்சுது.

ஒருத்தன் மட்டும் விடாம "பசி", "பசி"ன்னே எழுதினான். கிளாஸே சிரிச்சுது, அவனும் சிரிச்சான், நானும்தான். அப்புறம் தனியா கேட்டா காலைல சாப்பிடாமத்தான் வந்துட்டு இருந்திருக்கான், வீட்ல எல்லாரும் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிடறாங்க. பதினோரு மணிக்கு அவன் போடற சண்டைக்கெல்லாம் காரணம் அங்க இருந்துச்சு. அவனுக்கு வேண்டியிருந்தது உணர்வு நுண்ணறிவு பாடம் இல்ல, காலைச் சாப்பாடு. அந்த ஏற்பாடு செஞ்சோம், சண்டை கொறஞ்சுது.

ஜூலை 6

அந்தப் பேப்பர சத்தமா படிக்கச் சொல்லாதீங்க. யாரையும். சோமர்வில் சமாச்சாரம் ஞாபகம் இருக்கட்டும்.

ஜூலை 14

இந்தப் பீரியட்னால பலன் இருக்கான்னு நேரா ஒரு கேள்வி. ரெண்டு பக்கமும் சொல்லணும்.

ஜோசப் டுர்லாக் குழு 2011ல 213 பள்ளித் திட்டங்களோட முடிவுகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, மொத்தம் ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் மாணவங்களுக்கு மேல. பழகற விதம், மனநிலை ரெண்டுலயும் முன்னேற்றம், படிப்புலயும் சராசரியா 11 பெர்சென்டைல் அளவுக்கு ஏத்தம், அதாவது நூறு பேர மார்க் வரிசைல நிறுத்தினா நடுவுல இருக்கற ஒருத்தர் 11 இடம் முன்னாடி போன மாதிரி. வெளியாள் வந்து எடுக்க வேணாம், கிளாஸ் டீச்சரே எடுத்தாலும் பலன் இருந்துச்சு. இது உங்களுக்கு தைரியம் குடுக்கணும்.

இன்னொரு பக்கம், இங்கிலாந்துல 2022ல முடிவு வந்த மிரியாட் ஆய்வு. 11லேருந்து 14 வயசு வரைக்கும் எட்டாயிரத்துக்கும் மேல பசங்க, ஸ்கூல் ஸ்கூலா பிரிச்சு, ஒரு பாதிக்கு மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ், இந்த நிமிஷத்துல நடக்கறத மட்டும் கவனிக்கப் பழகறது), இன்னொரு பாதிக்கு வழக்கமா நடக்கற பாடம். பசங்க மனநலத்துல வித்தியாசமே இல்ல. நிறைய பசங்க வீட்ல பயிற்சியே பண்ணல. ஆனா அதுல ஒரு விஷயம் பலர் கவனிக்காம விட்டுட்டாங்க: அதே பயிற்சிய எடுத்துக்கிட்ட டீச்சர்களுக்கு சோர்வு குறைஞ்சுது, கொஞ்ச காலத்துக்காவது.

எனக்கு இதுல புரியறது, இந்த வயசுப் பசங்க "உனக்கு ஒரு குறை இருக்கு, வா சரி பண்றேன்"ங்கற தொனிய ஒரு மைல் தூரத்துலயே மோப்பம் பிடிச்சிடுவாங்க. எட்டு வயசுல டீச்சர் கண்ண மூடுன்னா மூடுவாங்க. பதிமூணுல ஏன்னு கேப்பாங்க, கேக்கட்டும், அதுக்கு மரியாதையா ஒரு பதில் நம்மகிட்ட இருக்கணும்.

ஜூலை 15

"இப்படி தடவிக் குடுத்தா ஒழுக்கம் எங்க நிக்கும்"னு மேல ஒரு சார் கோவமா எழுதியிருக்கார். சார், உங்க கவலை நியாயம்தான். நாப்பது அம்பது பேர கட்டி மேய்க்கறது பேச்சில்ல. ஆனா ஒண்ணு பாருங்க. ஜேசன் ஒகோனோஃபுவா குழு 2016ல கலிஃபோர்னியாவுல அஞ்சு நடுநிலைப் பள்ளிகள்ல கணக்கு டீச்சர்களுக்கு சின்னதா ஒரு ஆன்லைன் பயிற்சி குடுத்தாங்க. தண்டிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையன் பக்கத்துலேருந்து ஒரு தடவை யோசிக்கறதப் பத்தி. அந்த டீச்சர்கள்கிட்ட படிச்ச பசங்க சஸ்பெண்ட் ஆறது அந்த வருஷம் பாதியா குறைஞ்சுது, 9.6 சதவீதத்துலேருந்து 4.8க்கு. விதிய யாரும் தளர்த்தல, டீச்சர் மனசுல இருந்த கதைய மாத்தினாங்க.

கண்டிப்பும் கனிவும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும். எனக்கு அப்படி ஒரு ஆசிரியர் கிடைச்சார், ஹோம்வொர்க் எழுதலன்னா விடவே மாட்டார், ஆனா ஏன் எழுதலன்னு கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பார். அவர் காத்திருந்த அந்த நேரம்தான் எனக்கு இன்னும் மனசுல இருக்கு, தண்டனை என்னன்னு ஞாபகமே இல்ல.

ஜூலை 22

கிளாஸ்ல கோவம் வர்ற அந்த நிமிஷத்துல என்ன செய்யறதுன்னு கேட்டீங்க. ஜேம்ஸ் கிராஸ்ங்கற உளவியல் ஆய்வாளர் இத ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றார். வந்த கோவத்த முகத்துல காட்டாம அமுக்கறது, வர்றதுக்கு முன்னாடியே நடக்கறத வேற விதமா படிக்கறதுன்னு ரெண்டு வழி. 2003ல அவரும் ஆலிவர் ஜானும் சேர்ந்து எழுதினதுல, அமுக்கியே பழகினவங்களுக்கு மனநிம்மதியும் நெருக்கமான உறவுகளும் கொறச்சல், வேற விதமா படிக்கப் பழகினவங்களுக்கு ரெண்டுமே கூடுதல்னு வந்துச்சு.

நடைமுறைல: போர்டுக்கு வான்னு கூப்பிட்டா ஒருத்தன் "வரமாட்டேன்"ங்கறான். "என்ன அவமானப்படுத்தறான்"னு படிச்சா ரத்தம் கொதிக்கும். "இவனுக்கு இந்தக் கணக்கு தெரியல, அத மறைக்கறான்"னு படிச்சா கேக்க வேண்டிய கேள்வியே வேறயாயிடும். ரெண்டாவது படிப்புதான் பெரும்பாலும் உண்மையாவும் இருக்கும். உண்மையா இல்லாத நாளும் உண்டு, வேணும்னே வம்புக்கு இழுக்கறவனும் இருக்கான், அப்ப ரெண்டு செகண்ட் போர்டு பக்கம் திரும்பி எதையாவது எழுதிட்டுத் திரும்புங்க.

ஆனா எல்லாத்தையும் வேற விதமா படிச்சு சமாளிச்சுக்கணும்னு இல்ல. ஒரு பேரண்ட் எல்லார் முன்னாடியும் உங்களப் பாத்துக் கத்தினா, அது அநியாயம்தான், அத அநியாயம்னே படிங்க, மேலிடத்துல சொல்லுங்க. நம்ம மனச மட்டும் மாத்திக்கிட்டே போனா மாத்த வேண்டியது எல்லாம் அப்படியே இருக்கும்.

ஜூலை 28

இது முக்கியம். துண்டு பேப்பர்ல ஒரு நாள் "இருக்கவே பிடிக்கல"ன்னு வரலாம். கை நடுங்கும். எனக்கு நடுங்கியிருக்கு.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க. "இத நான் தனியா வச்சுக்க முடியாது, உன் பாதுகாப்புக்கு வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரிஞ்சே சொல்வேன்"னு சொல்லுங்க. சாகணும்னு தோணுதான்னு நேரா கேக்கலாம், கேக்கறதால புதுசா அந்த எண்ணம் வந்துடாதுங்கறது ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த முடிவு. தனியா விடாதீங்க, அன்னிக்கே கவுன்சிலர்கிட்டயோ தலைமையாசிரியர்கிட்டயோ போகணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க. சிகிச்சை குடுக்கறது நம்ம வேலை கிடையாது. கவனிச்சு, கேட்டு, கைமாத்தி விடறது நம்ம வேலை. பத்துலேருந்து பத்தொம்பது வயசுக்குள்ள ஏழுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்படின்னா உங்க கிளாஸ்லயும் இருக்காங்க, பேப்பர்ல எழுதாதவங்களும் சேத்து.

கைமாத்தி விட்ட அன்னிக்கு ராத்திரி உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேணும். பையன் பேர் சொல்லாம பேசலாம். நான் ஒரு சக டீச்சர்கிட்ட பேசுவேன், அவங்க ஆலோசனையே சொல்லமாட்டாங்க, அதனாலதான் அவங்ககிட்ட பேசறேன்.

ஆகஸ்ட் 9

நீங்க எழுதினதப் பாத்தேன், அழுகை இப்ப வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள்தான்னு. சந்தோஷம். துண்டு பேப்பர நீங்களும் பசங்களோட சேந்து எழுதறதா சொன்னது எனக்குத் தோணாத விஷயம், அடுத்த வாரம் நானும் எழுதப் போறேன்.

ஒரு சேதி. இங்க எழுதினதெல்லாம் சேத்து எங்க ஹெச்எம்கிட்ட ஒரு கோரிக்கை வச்சேன். ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு நாளைக்கு ஒரு ஃப்ரீ பீரியட்டாவது சப்ஸ்டிட்யூஷன்ல தொடக் கூடாதுன்னு. ரொம்ப யோசிச்சாங்க, யார் லீவு போட்டா யார் போறதுன்னு கேட்டாங்க, அவங்க கஷ்டமும் எனக்குப் புரிஞ்சுது. கடைசில அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் ஒம்பதாவது, பத்தாவது எடுக்கறவங்களுக்கு மட்டும் பண்ணிப் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. லீவு வந்தா லைப்ரரில ரெண்டு கிளாஸ சேத்து உக்கார வைக்கறதா ஏற்பாடு. உங்க ஸ்கூல்லயும் கேளுங்க, தனியா போகாதீங்க, நாலஞ்சு பேரா சேந்து போங்க, இந்த வார டைம்டேபிளயும் சப்ஸ்டிட்யூஷன் ரிஜிஸ்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.